மழலையும் பற்றும்

இல்லறத்தில் இருந்தபடியே ஆன்மிக சாதனைகளை மேற்கொள்ளும் பெற்றோர் எழுப்புகின்ற கேள்விகளில் ஒன்று மிகவும் பழையது. ஆனால் கேட்பவருக்கு அது ஒவ்வொரு முறையும் புதியது. குழந்தையிடம் கொள்கின்ற அன்பு இறைவனை நோக்கிச் செல்லும் பாதையில் துணையா, தடையா?

பெருநகர் ஒன்றில் வங்கியில் பணிபுரியும் ஓர் இளந்தாயை எண்ணிப் பார்ப்போம். திருமணத்திற்கு முன்பிருந்தே அதிகாலை நான்கரை மணிக்கு எழுந்து ஜபம் செய்யும் வழக்கம் உடையவர். இப்போது வீட்டில் பத்து மாதக் குழந்தை ஒன்று இருக்கிறது. இரவில் மூன்று முறை விழிக்கிறது; விடியற்காலையில் தாய் எழுந்தால் தானும் எழுகிறது. ஜபமாலையைக் கையில் எடுத்தால் மறுகணம் அது குழந்தையின் வாயில் இருக்கிறது. நேரம் கிடைக்கவில்லை என்பதல்ல அவரது வருத்தம். அதற்காகத் தம்மை மன்னித்துக்கொள்ள அவருக்குத் தெரியும். பாட்டி குழந்தையை மொட்டைமாடிக்குத் தூக்கிச் செல்லும்போது அரிதாகக் கிடைக்கின்ற இருபது நிமிடங்களிலும், கண்களை மூடினால் இஷ்ட தெய்வத்தின் திருவுருவத்திற்குப் பதிலாக அந்த இரண்டு பல் சிரிப்பே முன்னால் வந்து நிற்கிறது. பல ஆண்டு ஜபத்தில் கிடைக்காத ஓர் ஆனந்தம் அந்தச் சிரிப்பில் கிடைக்கிறது. இதைத் தமக்குத்தாமே ஒப்புக்கொள்ளவும் அவர் அஞ்சுகிறார். முன்னேற்றத்தில் தொடங்கிய வாழ்க்கை இப்போது சறுக்கிக்கொண்டிருக்கிறதோ என்பது அவரது கலக்கம்.

இத்தகைய கலக்கத்திற்கு இரண்டு பதில்கள் எப்போதும் தயாராக இருக்கும். 'குழந்தையே தெய்வம், வேறு தியானம் எதற்கு?' என்று உறவினர் ஒருவர் கூறுவார். 'எல்லாம் மாயை, மனத்தைப் பறிகொடுத்துவிடாதே' என்று மற்றொருவர் கூறுவார். முதல் பதில் தாயைத் தட்டிக்கொடுத்து உறங்க வைக்கிறது. இரண்டாவது அவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறது. அந்த வீட்டில் உண்மையில் என்ன நிகழ்கிறது என்பதை இரண்டுமே பார்ப்பதில்லை.

பத்து மாதக் குழந்தையின் ஒரு முற்பகலைக் கூர்ந்து நோக்கினால் வியப்பாக இருக்கும். தவழ்ந்து சமையலறைக்குள் நுழைகிறது. கீழ்த்தட்டில் உள்ள எவர்சில்வர் டப்பா ஒன்றை இழுத்து, மூடியைத் திறக்க முயல்கிறது. முடியாதபோது நக்கிப் பார்த்து அதைப் பற்றி வேறொரு செய்தியைத் தெரிந்துகொள்கிறது. தரையில் சிந்திய ஒற்றைக் கடுகு பெரியவர்களின் கண்ணில் படுவதில்லை. குழந்தை அதைக் காண்கிறது. கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் குவித்து எடுக்கிறது. ஏறக்குறைய ஒன்பதாம் மாதத்தில்தான் விரல்களுக்கு இந்தத் திறமை வருகிறது. புதிதாகக் கிடைத்த செல்வத்தைச் செலவழிக்காமல் இருக்க யாரால் முடியும்? உணவு ஊட்ட அமர்த்தினால் கரண்டியைக் கீழே போடுகிறது. தந்தை எடுத்துத் தருகிறார். மீண்டும் போடுகிறது. ஏழாவது முறை தந்தை அதைப் பிடிவாதம் என்கிறார்.

சுவிட்சர்லாந்து நாட்டு உளவியல் அறிஞர் ஜீன் பியாஜே அதைப் பிடிவாதம் என்று கருதவில்லை. தம் மூன்று குழந்தைகளையும் நாள்தோறும் கவனித்து எழுதிவைத்த அவர், 1936-இல் வெளிவந்த தமது நூலில், பத்து மாதம் கடந்த தம் மகன் பொம்மை அன்னத்தையும் சிறு பெட்டியையும் ஒவ்வொன்றாகக் கீழே விட்டதைப் பதிவு செய்திருக்கிறார். மகன் ஒரே விதமாகப் போடவில்லை. கை நீட்டும் திசையை மாற்றி மாற்றி விட்டு, ஒவ்வொரு முறையும் பொருள் எங்கே போய் விழுகிறது என்று பார்த்தான். அது சோதனை. எல்லாக் கரண்டிகளும் எப்போதும் கீழ்நோக்கியே விழும் என்பதைப் பெரியவர்கள் எவரோ சொல்லக் கேட்டு நம்பியவர்கள் அல்லர். அவர்களும் ஒரு காலத்தில் இப்படித்தான் கண்டறிந்தார்கள். பிறகு மறந்துவிட்டார்கள்.

இங்கேதான் அந்தத் தாயின் ஆனந்தத்திற்கு ஒரு தடயம் கிடைக்கிறது. கரண்டி விழுவதை அவர் ஆயிரம் முறை கேட்டிருக்கிறார், எரிச்சல் அடைந்திருக்கிறார், ஆனால் பார்த்ததில்லை. குழந்தையின் அருகில் அமர்ந்து அதன் கண்கள் செல்லும் திசையில் தம் கண்களும் செல்லும்போது முதன்முறையாகப் பார்க்கிறார். அந்தக் கணத்தில் வங்கிக் கணக்கு இல்லை, நாளைய கவலை இல்லை, 'என்னுடையது' என்ற எண்ணமும் இல்லை. வித்யாரண்யர் இயற்றியதாகக் கூறப்படும் பஞ்சதசியின் பதினைந்தாம் அத்தியாயம் விஷயானந்தத்தைப் பற்றியது. உலகப் பொருட்களால் வருகின்ற இன்பத்தையும் பிரம்மானந்தத்தின் ஒரு சிறு துளியாகவே அது காண்கிறது. அமைதியுற்ற மனத்தில் அந்த ஆனந்தம் பிரதிபலிக்கிறது என்பது அதன் கருத்து. அவ்வாறாயின் கரண்டி விழுந்த கணத்தில் தாய் சுவைத்தது குழந்தையை அல்ல, கரண்டியையும் அல்ல. சிறிது நேரம் அடங்கியிருந்த மனத்தில் எப்போதும் உள்ள ஒன்றின் நிழல் விழுந்தது. ஜபத்தில் அவர் நாடுவதும் அந்த அடக்கத்தைத்தான்.

ஆனால் விஷயம் இத்துடன் முடிந்துவிடுவதில்லை. அப்படி முடித்துவிட்டால் அது முதல் உறவினரின் பதிலையே வேதாந்தச் சொற்களில் கூறியது போலாகும்.

கீதையின் பதின்மூன்றாம் அத்தியாயத்தில் ஞானத்தின் இலக்கணங்களாகப் பகவான் வரிசைப்படுத்துபவற்றுள் இரண்டு, மகன், மனைவி, வீடு ஆகியவற்றைக் குறித்தவை. ஒன்று அசக்தி, அதாவது பற்றின்மை, மற்றொன்று அனபிஷ்வங்கம். இரண்டையும் 'பற்றின்மை' என்றே மொழிபெயர்த்துவிடும் வழக்கம் உண்டு; அதனால் பெரிய நஷ்டம். ஸ்ரீசங்கரர் தமது உரையில் அபிஷ்வங்கம் என்ற சொல்லுக்குத் தனியாக விளக்கம் தருகிறார். அது பற்றின் ஒரு தனி வகை. வேறொருவரைத் தன்னிலிருந்து வேறுபடுத்திப் பார்க்க இயலாத நிலை. அவர் மகிழ்ந்தால் நானே மகிழ்கிறேன், அவர் வருந்தினால் நானே வருந்துகிறேன், அவர் வாழ்ந்தால் வாழ்வேன், இறந்தால் இறப்பேன் என்று எண்ணுகின்ற ஒட்டுதல் அது. முதல் பார்வைக்கு இது அன்பின் சிகரம் போலவே தோன்றும். தாய்மைக்கு வேறு என்ன இலக்கணம் என்றுகூடக் கேட்கத் தோன்றும். ஆனால் சற்று நிதானித்தால் அந்த ஒட்டுதலில் குழந்தைக்கு இடமில்லை என்பது புலப்படும். அங்கே இருப்பது ஒரே 'நான்'. அது இரண்டு உடல்களில் பரவி, இரண்டு மடங்கு பெரிதாகியிருக்கிறது.

வங்காளத்தில் குழந்தைக்கு முதன்முதலாகச் சோறூட்டும் சடங்கு 'முகே பாத்' எனப்படும். ஆண் குழந்தைக்கு ஆறாவது அல்லது எட்டாவது மாதத்திலும், பெண் குழந்தைக்கு ஐந்தாவது அல்லது ஏழாவது மாதத்திலும் நடத்துவது வழக்கம். தாய்மாமனோ தாத்தாவோ பாயசத்தைத் தொட்டு ஊட்டுவார். அதன் பிறகு ஒரு தட்டில் மண், புத்தகம், பேனா, வெள்ளிக்காசு போன்றவற்றை வைத்துக் குழந்தையின் முன்னால் நீட்டுவார்கள். குழந்தை எதைத் தொடுகிறதோ அதைக் கொண்டு அதன் எதிர்காலத்தைச் சொல்வார்கள்: புத்தகம் என்றால் கல்வி, காசு என்றால் செல்வம், மண் என்றால் நிலபுலன். அழகான சடங்கு, சிரிப்பும் கேலியும் நிறைந்தது. ஆயினும் தட்டு நீட்டப்படும் அந்தக் கணத்தில் கூடத்தில் ஓர் அமைதி பரவுவதைக் கவனிக்கலாம். எல்லாக் கண்களும் பேனாவின் மீது இருக்கின்றன. யாரோ ஒருவர் தட்டைச் சற்றே திருப்பிப் பேனாவைக் குழந்தையின் கைக்கு அருகில் கொண்டுவருகிறார். குழந்தையோ காசையும் பார்க்கவில்லை, பேனாவையும் பார்க்கவில்லை. விளக்கொளி பட்டு மின்னும் தட்டின் விளிம்பைப் பிடித்து இழுக்கிறது.

மின்னுகின்ற விளிம்பைக் கண்டு குழந்தையுடன் சேர்ந்து சிரிப்பவரின் அன்பு வேறு. தட்டைத் திருப்பியவரின் அன்பு வேறு. இரண்டும் ஒரே கூடத்தில், ஒரே மணி நேரத்தில், சில சமயம் ஒரே நெஞ்சில் இருக்கின்றன. முதலாவது குழந்தையை உள்ளபடி பார்க்கிறது. இரண்டாவது, தான் எழுதாமல் விட்ட தேர்வுகளை அந்தச் சிறு கையில் காண்கிறது. (நடக்கத் தொடங்காத குழந்தைக்குப் பள்ளியில் இடம் விசாரிக்கும் பெற்றோரைக் கேலி செய்வது எளிது. அவர்களை அந்த நிலைக்குத் துரத்துகின்ற அச்சம் பொய்யானதல்ல என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.)

இந்த இடத்தில் பாகவதத்தின் ஐந்தாம் ஸ்கந்தத்தில் வரும் பரத மன்னரின் வரலாறு குறுக்கே வந்து நிற்கும். அதைத் தவிர்த்துவிட்டுச் செல்வது நேர்மையாகாது. நாட்டையும் மக்களையும் துறந்து கண்டகி நதிக்கரையில் தவம் செய்தவர் அவர். சிங்கத்தின் கர்ஜனைக்கு அஞ்சி ஆற்றைத் தாண்டிய கருவுற்ற மான் ஒன்று குட்டியை நீரில் ஈன்று இறந்தது. மிதந்து வந்த குட்டியை அவர் எடுத்து வளர்த்தார். நாளடைவில் பூஜையும் நியமங்களும் ஒவ்வொன்றாக நழுவின. இறக்கும்போதும் மானையே எண்ணி மறுபிறவியில் மானாகப் பிறந்தார். நான்கரை மணி ஜபம் நழுவிப்போன தாய்க்கு இந்தக் கதை இனிமையாக இருக்காது.

ஆயினும் பாகவதம் எதைக் குறை கூறுகிறது என்பதைப் பார்க்க வேண்டும். குட்டியை நீரிலிருந்து எடுத்ததை அன்று. அதை எடுக்காமல் கண்மூடித் தியானம் செய்திருந்தால் அவரை யார் மன்னர் என்றோ முனிவர் என்றோ சொல்வார்கள்? மான் சற்றுக் கண்ணுக்கு மறைந்தாலும் அவர் நிலைகுலைந்தார் என்பதே அங்கு விரிவாகச் சொல்லப்படுகிறது. வளர்ந்த மானுக்குக் காடு இருந்தது, புல் இருந்தது. மானுக்கு முனிவர் தேவைப்படவில்லை; முனிவருக்குத்தான் மான் தேவைப்பட்டது. பத்து மாதக் குழந்தையின் நிலை அப்படியல்ல. இரவில் மூன்று முறை எழுவது அந்தத் தாய் தேடிக்கொண்ட பற்று அல்ல, அவரது சுவதர்மம். அந்தக் கடமையைச் செய்ததனால் நழுவிய ஜபமும், குழந்தை பாட்டியோடு மொட்டைமாடிக்குப் போன இருபது நிமிடமும் பொறுக்காமல் பதறியதனால் நழுவிய ஜபமும் ஒன்றல்ல. எது எப்போது நிகழ்ந்தது என்பதை அவர் ஒருவரால் மட்டுமே அறிய முடியும்.

நாரதர் தமது பக்தி சூத்திரங்களில் பக்தியின் பதினொரு வடிவங்களைக் கூறும்போது வாத்ஸல்யத்தையும் ஒன்றாக வைக்கிறார். அங்கே அவர் பயன்படுத்தும் சொல் 'ஆசக்தி' என்பதே. கீதை விலக்கச் சொன்ன அதே சொல்லை இறைவனை நோக்கித் திருப்புவதற்கு அவர் தயங்கவில்லை. பசியை ஒழிக்க வேண்டும் என்று எந்த மருத்துவரும் கூறுவதில்லை அல்லவா?

'அவர் விழுந்தால் நான் விழுவேன்' என்ற ஒட்டுதல் இல்லாமல் ஒரு குழந்தையை வளர்த்தால் அது அன்பற்ற வளர்ப்பாகிவிடாதா என்பது நியாயமான ஐயம். இதற்குச் சற்றுத் தொலைவிலிருந்து ஓர் ஒளி கிடைக்கிறது. 1985-இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வு ஒன்றில் ஒரு வயதுக் குழந்தைகளைக் கண்ணாடி பதித்த மேசைமீது தவழ விட்டார்கள். நடுவில் கண்ணாடிக்குக் கீழே தளம் ஏறக்குறைய ஓர் அடி தாழ்ந்திருப்பது போலத் தோன்றும்; அபாயம் எதுவும் இல்லை. அந்த விளிம்புக்கு வந்த குழந்தை நின்று, எதிர்ப்பக்கம் இருக்கும் தாயின் முகத்தைப் பார்த்தது. தாய் மலர்ந்த முகத்தோடு இருந்தபோது 19 குழந்தைகளில் 14 குழந்தைகள் கடந்து வந்தன. அச்சம் காட்டிய முகத்தைக் கண்ட 17 குழந்தைகளில் ஒன்றுகூடக் கடக்கவில்லை. தாய்மார்கள் அங்கே முகபாவத்தை வேண்டுமென்றே காட்டினார்கள். பற்றைப் பற்றியோ வேதாந்தத்தைப் பற்றியோ அந்த ஆய்வாளர்கள் எதுவும் கூறவில்லை. ஆயினும் வீட்டில் நாள்தோறும் நடப்பதும் இதுவே. டப்பா, கடுகு, படிக்கட்டு, பக்கத்து வீட்டுப் பூனை என்று எதைப் புதிதாகக் கண்டாலும் குழந்தை திரும்பி ஒரு முகத்தைப் பார்க்கிறது. இது நல்லதா, வரலாமா என்று கேட்கிறது. குழந்தையோடு சேர்ந்து தானும் விழுகின்ற மனத்தால் அப்போது மலர்ந்த முகத்தைத் தர இயலாது. அனபிஷ்வங்கம் என்ற கடினமான சொல்லின் பயன் முதலில் தாய்க்கு அல்ல, குழந்தைக்கே கிடைக்கிறது.

அந்தக் கணத்தில் முகம் கைப்பேசியை நோக்கிக் குனிந்திருந்தால் குழந்தைக்கு மலர்ச்சியும் கிடைப்பதில்லை, அச்சமும் கிடைப்பதில்லை. கேள்வி அப்படியே நின்றுவிடுகிறது. ஆன்மிகச் சொற்பொழிவைக் கேட்பதற்காகக் குனிந்திருந்தாலும் குழந்தைக்கு அதில் வேறுபாடு தெரியாது.

பிருஹதாரண்யக உபநிஷதம், பாண்டித்தியத்தை முழுமையாக அடைந்தவன் அதன்பின் 'பால்யத்தில்' நிலைபெற வேண்டும் என்று கூறுகிறது. பிரம்ம சூத்திரத்தின் மூன்றாம் அத்தியாயம் நான்காம் பாதத்தில் இதன் பொருள் ஆராயப்படுகிறது. குழந்தையைப் போல் மனம்போனபடி நடந்துகொள்வதா? இல்லை, தன்னை வெளிக்காட்டாமை, செருக்கின்மை, கபடமின்மை என்பதே முடிவு. கண்ட இடத்தில் உண்டு, நினைத்த இடத்தில் உறங்குவதை ஞானம் என்று சொல்லாமல் ஆசாரியர்கள் காப்பாற்றினார்கள்! பண்டிதர் பல ஆண்டுகள் கற்று இறுதியில் எய்த வேண்டிய ஒன்றின் சாயல் சமையலறைத் தரையில் கடுகு பொறுக்கிக்கொண்டிருக்கிறது. அதற்குத் தன்னை யாரும் பார்க்கிறார்கள் என்ற எண்ணமும் இல்லை. அந்தத் தாயின் தியானத்தில் அந்த முகம் வந்து நிற்பதில் அஞ்சுவதற்கு அதிகம் எதுவும் இல்லை. அதைத் துரத்தவும் வேண்டாம், அதைச் சுற்றிப் பள்ளியும் கல்லூரியும் கட்டவும் வேண்டாம். வந்த முகத்தை இஷ்ட தெய்வத்தின் திருவடியில் அமர்த்திவிட்டு மந்திரத்தைத் தொடரலாம். குழந்தையைக் கோயிலில் சந்நிதிக்கு முன்னால் கிடத்தி எடுப்பதில்லையா?

நான்கரை மணி மீண்டும் வாய்க்கச் சில ஆண்டுகள் ஆகலாம். அதுவரை தோளில் குழந்தையைச் சாய்த்துக்கொண்டு இரவில் நடக்கும் நேரம் இருக்கிறது. நாம ஜபத்திற்கு இடமும் காலமும் தடையல்ல. மாலையை மட்டும் எட்டாத உயரத்தில் வைப்பது நல்லது. அறுந்தால் மணிகள் குழந்தையின் தொண்டையில் சிக்கிக்கொள்ளும். எண்ணிக்கைக்கு விரல் கணுக்கள் போதும்.