சாட்சிக் கையெழுத்து

காஞ்சிபுரத்தில் சங்கர மடத்துக்கு எதிரே பெரியார் சிலை நிற்கிறது. மடத்தை ஒட்டி ஒரு மசூதி. வெளியூரிலிருந்து நண்பர்கள் வந்தால் இந்த மூன்றையும் ஒரே படத்தில் அடக்கப் பார்ப்பார்கள். சரியாக அடங்காது, ஆனாலும் முயற்சி செய்வார்கள். ‘மடமும் சிலையும்’ என்பது எங்கள் ஊரைப் பற்றிப் பேசுகிறவர்களுக்கு எப்போதும் கைகொடுக்கும் தலைப்பு. ஆத்திகம், நாத்திகம் என்றாலே இங்கே பிராமணியமும் பகுத்தறிவும் என்றுதான் அர்த்தமாகிவிடுகிறது. பட்டு வாங்க வருகிறவர்கள்கூட அப்படித்தான் புரிந்துகொண்டு போகிறார்கள்.

ஆனால் பெரியார் சிலைகளின் பீடத்தில் இருக்கும் அந்தப் புகழ்பெற்ற வாசகங்களை எடுக்கச் சொல்லி சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனவர் மடத்துக்காரர் இல்லை. மு. தெய்வநாயகம் என்ற கிறிஸ்தவர். திருக்குறளில் கிறிஸ்தவத்தின் தாக்கம் இருக்கிறது என்று நிறுவ வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்ட ஆய்வாளர். 2019 செப்டம்பரில் அந்த மனு தள்ளுபடியானது. கடவுளைப் பற்றித் தன் கருத்தைச் சொல்ல மனுதாரருக்கு அரசியல் சாசனத்தின் 19-ஆவது பிரிவு உரிமை தருகிறது என்றால், அதை மறுக்கும் உரிமையும் மற்றவருக்கு அதே பிரிவில்தான் இருக்கிறது என்பது நீதிமன்றத்தின் நிலை.

தீர்ப்பு சரி. சட்டம் அதற்கு மேல் சொல்லவும் கூடாது. ஆனால் உரிமை உண்டா என்ற கேள்வி முடிந்த இடத்தில்தான் முறையா என்ற கேள்வி ஆரம்பிக்கிறது. அதை நீதிமன்றத்தில் கேட்க முடியாது. நமக்குள் கேட்டுக்கொள்ளலாம்.

அந்த வாசகங்களைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம். கடவுள் இல்லை என்று அழுத்திச் சொல்வது முதல் பகுதி. அது ஒரு கருத்து. சரியாக இருக்கலாம், தப்பாக இருக்கலாம், எதிர்வாதம் செய்யலாம். அடுத்து வருபவை மூன்றும் மனிதர்களைப் பற்றியவை. கடவுளைக் கற்பித்தவன் முட்டாள், பரப்புகிறவன் அயோக்கியன், வணங்குகிறவன் காட்டுமிராண்டி. இங்கே வாதம் முடிந்துபோய்த் தீர்ப்பு வந்துவிடுகிறது. அதிலும் நடுவில் இருக்கும் ‘அயோக்கியன்’ என்ற சொல்தான் என்னை அதிகம் தொந்தரவு செய்கிறது. முட்டாளோடு பேசலாம், விளக்கலாம். அயோக்கியனோடு என்ன பேசுவது? அவன் வாயிலிருந்து வருவதையே நம்ப வேண்டாம் என்று ஆகிவிடுகிறதே.

இதற்கு எதிர்ப்பக்கத்தில் ஒரு தீர்ப்பு இருக்கிறது. நம்பாதவன் மீட்படைய மாட்டான் என்பது. இன்று பல சபைகளில் இதைச் சத்தமாகச் சொல்வதில்லை. சொல்லும் சபைகளும் இருக்கின்றன. கூட்டங்களுக்கு ஸ்பீக்கர் கட்டியே சொல்வார்கள். ஆக ஒருவர் கண்ணில் மற்றவர் ஏமாந்தவர், மற்றவர் கண்ணில் இவர் தொலைந்துபோனவர். இரண்டு பேருமே தங்கள் கொள்கையைக் கைவிடாமல் இந்தத் தீர்ப்பைக் கைவிட முடியாது. அதனால் ‘ஒருவரை ஒருவர் நியாயந்தீர்க்காமல் இருப்போம்’ என்று சொல்லிக் கை குலுக்குவது எனக்கு ஒப்பவில்லை. மனதுக்குள் தீர்ப்பு இருந்துகொண்டேதான் இருக்கும். வாய் மட்டும் சும்மா இருக்கும்.

தமிழ்நாட்டில் கிறிஸ்தவர்களுக்கும் நாத்திகர்களுக்கும் பெரிய சண்டை கிடையாது. மேடைகளில் பிஷப்பும் கறுப்புச் சட்டைக்காரரும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்காருவார்கள். சமூகநீதி, சிறுபான்மையினர் பாதுகாப்பு என்று பேச இருவருக்கும் பொதுவானவை நிறைய உண்டு, நியாயமானவையும்கூட. ஆனால் அந்த மேடையில் கடவுள் இருக்கிறாரா என்ற பேச்சு மட்டும் வராது. நாத்திகர் சர்ச்சை விட்டுவைப்பார், பாதிரியார் பீடத்து வாசகத்தைப் படிக்காத மாதிரி இருப்பார். இதைப் பரஸ்பர மரியாதை என்று சொல்கிறார்கள். எனக்குக் கூட்டணி மாதிரிதான் தெரிகிறது.

எப்போதும் இப்படி இருக்கவில்லை. 1878-இல் சென்னையில் இலௌகிக சங்கம் என்று ஒன்று தொடங்கியது. 1882 முதல் 1888 வரை அவர்கள் நடத்திய ‘தத்துவ விவேசினி’ இதழ்களைப் பேராசிரியர் வீ. அரசு தொகுத்துப் பதிப்பித்திருக்கிறார். பெரியார் பிறப்பதற்கு ஒரு வருடம் முன்பு தொடங்கிய சங்கம் என்பதை நினைத்தால் ஆச்சரியமாக இருக்கும். வைதீகத்தை விமர்சித்த அதே கையால் மிஷனரிகளின் பிரசாரத்துக்கும் பதில் எழுதினார்கள். லண்டனில் சார்லஸ் பிராட்லா நடத்திய நாத்திக இயக்கத்தோடு அவர்களுக்கு நெருக்கமான தொடர்பு இருந்தது. ஆளுகிறவர்களின் மதத்தை ஆளப்படுகிறவர்கள் விமர்சித்த காலம் அது. அதற்குத் துணிச்சல் வேண்டும்.

இந்தப் பிராட்லாவுக்கு நடந்ததைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 1880-இல் நார்தாம்ப்டன் தொகுதியில் அவர் ஜெயித்தார். எம்.பி.யாக உட்கார கடவுள் பெயரால் சத்தியம் செய்ய வேண்டும். அதற்குப் பதிலாக உறுதிமொழி எடுக்கிறேன் என்றார், சபை மறுத்தது. சரி, சத்தியமே செய்கிறேன் என்றார், நாத்திகன் செய்யும் சத்தியம் செல்லாது என்று அதையும் மறுத்தது. வெளியே தள்ளினார்கள். ஒரு இரவு பாராளுமன்றத்தின் மணிக்கூண்டிலேயே அடைத்து வைத்தார்கள். மக்கள் அவரைத் திரும்பத் திரும்பத் தேர்ந்தெடுத்தார்கள். 1886-இல்தான் அவரால் உள்ளே போய் உட்கார முடிந்தது.

இதற்குப் பின்னால் ஒரு பழைய எண்ணம் இருக்கிறது. 1689-இல் வெளியான ஜான் லாக்கின் மதச் சகிப்புத்தன்மை பற்றிய நூல் உலகப் புகழ் பெற்றது. அதிலேயே நாத்திகர்களுக்கு இடம் இல்லை. காரணம், வாக்குறுதியும் ஒப்பந்தமும் சத்தியமும் நாத்திகனைக் கட்டுப்படுத்தாது என்று லாக் நினைத்தார். அவனுக்கு நரகம் கிடைக்கும் என்பதற்காக விலக்கவில்லை. அவன் சொல்லை நம்ப முடியாது என்பதற்காக விலக்கினார். நாத்திகன் மீது வைக்கப்பட்ட தீர்ப்புகளிலேயே இதுதான் மிகக் கொடியது என்று நினைக்கிறேன். நரகத்துக்குப் போவாய் என்று ஒருவர் சொன்னால் எனக்கு ஒரு நஷ்டமும் இல்லை, அப்படி ஒரு ஊர் இருப்பதாக நான் நினைக்கவில்லை. உன் வார்த்தைக்கு மதிப்பில்லை என்றால் அடுத்த நிமிடமே நான் கடன் வாங்க முடியாது, சாட்சி சொல்ல முடியாது, பதவிக்கு வர முடியாது.

பிராட்லாவின் கதையில் எனக்குப் பிடித்த ஆள் கிளாட்ஸ்டன். பிரதமர். ஆழ்ந்த கிறிஸ்தவப் பக்தர், நாத்திகம் பெரும் கேடு என்றே நம்பியவர். உறுதிமொழி எடுக்க அனுமதிக்கும் மசோதாவை ஆதரித்து 1883 ஏப்ரலில் அவர் நீண்ட உரை ஆற்றினார். தன் நம்பிக்கையில் ஒரு துளியும் விட்டுக்கொடுக்கவில்லை. ஆனால் அந்த நம்பிக்கையைக் காட்டி இன்னொருவரின் குடியுரிமையைப் பறிப்பது மதத்துக்கே கேடு என்று வாதாடினார். மூன்று ஓட்டில் மசோதா தோற்றது. பிறகு 1888-இல் சட்டம் மாறியது. நம் அரசியல் சாசனத்தில் பதவி ஏற்க இரண்டு வழி இருக்கிறது, கடவுளின் பெயரால் என்றும் சொல்லலாம், உளமார உறுதி கூறுகிறேன் என்றும் சொல்லலாம். இந்த ஊரில் பிறந்த அண்ணா 1967-இல் இரண்டாவது வழியில்தான் முதலமைச்சரானார். யாரும் ஆட்சேபிக்கவில்லை. அந்தச் சாதாரணத்தன்மைக்குப் பின்னால் மணிக்கூண்டில் கழிந்த ஒரு இரவும் இருக்கிறது.

1891-இல் பிராட்லா இறந்தபோது லண்டனில் மாணவராக இருந்த காந்தி அடக்கத்துக்குப் போனார். சில பாதிரிமார்களும் அஞ்சலி செலுத்த வந்திருந்ததைச் சுயசரிதையில் குறிப்பிடுகிறார். திரும்பும்போது ரயில் நிலையத்தில் ஒரு நாத்திகர் அப்படி வந்த பாதிரி ஒருவரைப் பிடித்துக்கொண்டு, பூமியின் சுற்றளவு தெரியுமே, உங்கள் கடவுளின் அளவு என்ன, எங்கே இருக்கிறார் என்று மடக்குகிறார். நம் இருவர் இதயத்திலும் இருக்கிறார் என்கிறார் பாதிரி. என்னைக் குழந்தை என்று நினைத்தீரா என்று கேட்டுவிட்டு, ஜெயித்த பெருமையோடு சுற்றியிருந்தவர்களைப் பார்க்கிறார் நாத்திகர். பாதிரி பேசாமல் இருந்துவிடுகிறார். அதைப் பார்த்துக் காந்திக்கு நாத்திகத்தின் மேல் இருந்த வெறுப்பு கூடியதாம். நாத்திகரின் கேள்வியில் தப்பில்லை. சுற்றியிருந்தவர்களைப் பார்த்தாரே, அங்கேதான் அவர் தோற்றார். தன் தலைவனின் சாவுக்கு வந்த மனிதரிடம் பேச அவருக்கு வேறு ஒன்றும் இல்லாமல் போய்விட்டது.

பீடத்து வாசகத்துக்குத் திரும்புகிறேன். ‘அயோக்கியன்’ என்பதும் ‘நாத்திகன் சத்தியம் செல்லாது’ என்பதும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன. கருத்திலிருந்து நேரடியாக ஆளின் நாணயத்துக்குத் தாவுகின்றன. பெரியாருக்காகச் சொல்லக்கூடிய நியாயம் உண்டு, பெரிய நியாயம். இதே காஞ்சிபுரத்தில் 1925-இல் நடந்த காங்கிரஸ் மாநாட்டில் வகுப்புவாரி உரிமைத் தீர்மானத்துக்கு இடம் கிடைக்காமல்தான் அவர் அந்தக் கட்சியை விட்டே வெளியேறினார். கடவுளின் பெயரால் மனிதனைக் குளத்துக்கும் தெருவுக்கும் வர விடாமல் தடுத்தவர்களைப் பார்த்து அவர் அயோக்கியன் என்றார். குன்றக்குடி அடிகளாரோடு கடைசிவரை நட்பாக இருந்தவர், பரப்புகிற ஒவ்வொருவரையும் தனித்தனியாக அப்படி நினைத்திருக்க முடியாது. ஆனால் கல்லில் வெட்டிய எழுத்துக்குச் சந்தர்ப்பம் தெரியாது. வேலைக்குப் போகும் வழியில் சிலுவை போட்டுக்கொள்ளும் ஒரு நர்ஸையும் அது காட்டுமிராண்டி என்றே சொல்லும்.

அப்படியானால் விமர்சிக்கவே கூடாதா? கூடும், நன்றாகவே விமர்சிக்க வேண்டும். தமிழில் மதிப்பு, மதிப்பீடு என்ற இரண்டும் ஒரே வேரிலிருந்து வருவது தற்செயல் இல்லை என்றே நினைக்கிறேன். எங்கள் ஊரில் ஜரிகையில் வெள்ளி எவ்வளவு, தங்கம் எவ்வளவு என்று சோதித்துப் பார்ப்பது சேலையை அவமானப்படுத்துவது ஆகாது. சோதிக்காமல் வாங்கினால்தான் ஏதோ சந்தேகம். நான் வேலை செய்யும் துறையிலும் ஒருவர் எழுதிய கோடை இன்னொருவர் வரி வரியாகக் குடைவார். மனதில் வைத்துக்கொள்ள மாட்டோம். (வைத்துக்கொள்கிறவர்களும் உண்டு, அது வேறு கதை.) ஆனால் இந்த ஒப்புமையை ரொம்ப தூரம் இழுக்க முடியாது. நான் எழுதிய கோட் நான் இல்லை. ஒரு கிறிஸ்தவருக்கு அவருடைய விசுவாசம் கிட்டத்தட்ட அவரேதான். அதைத் தொட்டால் வலிக்கும். வலிக்காமல் விமர்சிப்பது எப்படி என்று எனக்குத் தெரியவில்லை, அப்படி ஒரு வழி இருக்கும் என்றும் தோன்றவில்லை. வலித்த பிறகும் அவர் சொல்லை நம்புகிறோமா, அவர் பக்கத்தில் நிற்கிறோமா என்பதைத்தான் பார்க்க முடியும்.

திருச்சி மேலப்புதூரில் ஒரு கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. தலித் கிறிஸ்தவர்களின் கல்லறைகளைப் பிரித்து நடுவே ஒரு சுவர். செத்த பிறகும் சாதி. அதை எதிர்த்துத் தலித் கிறிஸ்தவர்கள் நீண்ட காலமாகப் போராடி வந்திருக்கிறார்கள். 2010-இல் பெரியார் திராவிடர் கழகத்தினர் அந்தச் சுவரை இடிக்கப் போய்க் கைதானார்கள். யோசித்துப் பாருங்கள். மறுமை இல்லை, உயிர்த்தெழுதல் இல்லை, கல்லறையில் இருப்பது வெறும் எலும்பு என்று நினைப்பவர்கள், உயிர்த்தெழக் காத்திருப்பதாக நம்பப்படுகிறவர்களுக்காகக் கடப்பாரை தூக்கியிருக்கிறார்கள். அது திருச்சபையின் மேல் கடுமையான தீர்ப்புதான். ஆனால் திருச்சபை ஞானஸ்நானத்தில் சொல்லும் சமத்துவத்தை வைத்தே அளந்த தீர்ப்பு. மேடையில் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து சும்மா இருப்பதைவிட இதில் மரியாதை அதிகம். பிஷப்புகளுக்கு இது பிடித்திருக்காது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

சிறுபான்மையினர் மேல் தாக்குதல் நடக்கும் காலத்தில் அவர்கள் நம்பிக்கையை விமர்சித்தால் அது இன்னொருவன் கையில் கத்தியாகும் என்று நாத்திக நண்பர்கள் சொல்வார்கள். உண்மை. சர்ச் எரியும்போது வாசலில் நின்று கன்னிப் பிறப்பைப் பற்றி விவாதிப்பது அயோக்கியத்தனம் என்று நானே சொல்வேன். ஆனால் எல்லா நாளும் சர்ச் எரிவதில்லை. சும்மா இருக்கும் நாட்களில் ஒரு வார்த்தையும் பேசாமல் இருந்துவிட்டால், பாதுகாக்கப்பட வேண்டிய குழந்தைகளாக அவர்களைப் பார்க்கிறோம் என்றுதான் ஆகும்.

பெரியப்பா விஷயத்தைச் சொல்கிறேன். நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவர், கறுப்புச் சட்டைக்காரர். நான்கு வருடம் முன்பு ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் மூன்று வாரம் இருந்தார். ராத்திரி ட்யூட்டி சிஸ்டர் ஒருவர், ஐம்பது வயதிருக்கும், தினமும் “ஐயா, உங்களுக்காக ஜெபம் பண்றேன்” என்பார். “பண்ணும்மா, மாத்திரைய மட்டும் நேரத்துக்குக் குடுத்துடு” என்பார் இவர். இரண்டாவது வாரத்தில் ரெண்டு பேரும் நேரடியாகவே மோத ஆரம்பித்தார்கள். உங்களுக்கு அகந்தை ஜாஸ்தி ஐயா, அதான் ஆண்டவர் கிட்ட தலை குனிய மாட்டேங்கறீங்க என்றார் அந்த அம்மா. உனக்குப் பயம் ஜாஸ்தி, அதான் குனியுற என்றார் இவர். நான் பக்கத்தில் உட்கார்ந்து லேப்டாப்பைப் பார்ப்பதுபோல நடித்துக்கொண்டிருந்தேன்.

“செத்த பிறகு எங்க போவீங்கன்னு யோசிச்சிருக்கீங்களா?” என்று ஒரு நாள் கேட்டார்.

“செங்கல்பட்டு மெடிக்கல் காலேஜுக்கு” என்றார் பெரியப்பா.

உடல் தானப் படிவத்தை ஆஸ்பத்திரிக்கே எடுத்து வரச் சொல்லியிருந்தார். சாட்சிக் கையெழுத்துக்கு இன்னொரு ஆள் தேவைப்பட்டது. நான் நண்பனுக்கு ஃபோன் போடப் போனேன். “எதுக்கு, சிஸ்டர் இருக்காங்கல்ல” என்றார்.

அந்த அம்மா படிவத்தை வாங்கி முழுதும் படித்தார். உடல் உயிர்த்தெழும் என்று நம்புகிறவர். “இது தப்புன்னுதான் ஐயா நான் நினைக்கிறேன்” என்றார். “தெரியும்மா. ஆனா இதை நான்தான் சுய நினைவோட சொன்னேன்னு நீ சொன்னா எல்லாரும் நம்புவாங்க” என்றார் பெரியப்பா. கொஞ்ச நேரம் பேனாவைத் திறந்து மூடிக்கொண்டிருந்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். தேதியும் நேரமும் எழுதினார். பிறகு பி.பி. பார்க்கிற மெஷினை இழுத்துக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.