துயரைக் கேட்கும் தருமம்

ஏகாந்தத்தைப் புகழாத ஞானநூல் நம்மிடையே அரிது. உறவை நீத்து, ஊரை விட்டு, குகையிலோ மலைமுடியிலோ ஒருவனாய் அமர்ந்தவனையே உத்தம சாதகன் என்று நம் பரம்பரை நெடுங்காலமாகப் போற்றி வந்திருக்கிறது. அப்படியானால், பிள்ளைகள் எல்லாரும் பிழைப்புக்காக மலையிறங்கிப் போன பிறகு, சில வீடுகளே கொண்ட ஒரு சிற்றூரில், ஒரு வார்த்தை பேச ஆளின்றி அந்தியையும் இரவையும் கழிக்கின்ற ஒரு மூதாட்டிக்கு வாய்த்திருப்பதும் அந்த ஏகாந்தந்தானா? முனிவர் தவம் செய்து தேடியதை அவள் தேடாமலே அடைந்துவிட்டாள் என்று சொல்லிவிட்டு நாம் நம் வழியே போகலாமா? ஜவ்வாது மலையை நினைக்குந்தோறும் இக்கேள்வி என் உள்ளத்தில் எழுகிறது. ஏனெனில், விரும்பி ஏற்ற தனிமையும் விதியால் வந்து விழுந்த தனிமையும் அந்த மலையில் அருகருகே குடியிருக்கின்றன.

திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் ஆகிய மாவட்டங்களில் பரந்து கிடக்கும் அம்மலையில், ஆலங்காயத்தை அடுத்த காவலூரில், நகரத்து வெளிச்சம் தீண்டாத இருளை நாடி, விண்ணியல் மேதை வைணு பாப்பு 1960-களின் இறுதியில் ஒரு வானாய்வுக் கூடத்தை நிறுவினார். 1986-இல் அங்குள்ள 93 அங்குலத் தொலைநோக்கிக்கு அவர் பெயரே சூட்டப்பெற்றது. இரவெல்லாம் கண்விழித்து விண்மீன்களை நோக்கியிருக்கும் அறிஞருக்கு அந்த இருளும் நிசப்தமும் பேறாகும். விடிந்ததும் தாம் கண்டதைச் சொல்லத் தோழர்கள் உண்டு என்னும் உறுதி அவரை இரவு முழுதும் தாங்கி நிற்கிறது. அதே மலையின் மற்றொரு சரிவில், காஞ்சிபுரத்திலிருந்து வந்தேறியவர்கள் தம் முன்னோர் என்று மரபாகச் சொல்லிவரும் மலையாளிப் பழங்குடியினர், சாமையும் கேழ்வரகும் விதைத்து, தேனும் புளியும் சேர்த்து வாழ்கின்றனர். கொல்லை விளைச்சல் ஆண்டு முழுதும் போதாமையால் ஆடவர் பலர் கேரளத்துக்கும் கருநாடகத்துக்கும் கூலிவேலைக்குப் போகின்றனர். சிலர் தரகர் காட்டிய ஆசைக்கு இணங்கி ஆந்திரத்துச் சேஷாசலக் காட்டுக்குச் செம்மரம் வெட்டவும் போயினர். 2015 ஏப்ரல் 7-ஆம் நாள் அக்காட்டில் காவல்துறையின் துப்பாக்கிக்கு இரையான 20 தமிழர்களுள் இம்மலையைச் சேர்ந்தவர்களும் இருந்தனர். அவர்கள் வீடுகளில் அன்று முதல் நிலவும் மௌனத்தை ஏகாந்தம் என்று அழைக்க எந்த வேதாந்திக்கு மனம் வரும்?

தனிமைத் துயரம் இன்று உலகத்தின் கவலையாகிவிட்டது. உலக சுகாதார நிறுவனம் 2025-இல் வெளியிட்ட அறிக்கை, உலக மாந்தருள் ஆறு பேருக்கு ஒருவர் இத்துயரால் வாடுவதாகக் கூறுகிறது. பிரிட்டன் 2018-இலும் ஜப்பான் 2021-இலும் இதற்கெனவே அமைச்சர்களை நியமித்தன. நான் இங்கு விசாரிக்க விரும்புவது அதற்கு முந்திய ஒரு கேள்வியை: ஒருவருடைய தனிமையைத் தீர்ப்பது அவருடைய அகமுயற்சியா, அல்லது பிறருடைய கடமையா?

ஆன்மா ஒன்றே, இரண்டாவதாக ஒன்று இல்லை, ஆதலால் தனிமை என்பதே ஒரு மயக்கம் என்று அத்துவைதி கூறுவார். அந்நிலையை அனுபூதியில் அடைந்தவருக்கு அது சத்தியமே. அதை மறுக்க எனக்குத் தகுதியில்லை. ஆனால் அழுதுகொண்டிருப்பவரிடம் அதை உபதேசமாகச் சொல்வது, பசித்தவனுக்குப் பாகசாஸ்திரம் படித்துக் காட்டுவதற்கு ஒப்பாகும். சைவ சித்தாந்தம் இவ்விடத்தில் மனித இயல்பை இன்னும் அணுக்கமாக அறிந்திருக்கிறது என்பது என் துணிபு. உயிர் தனித்து நிற்கும் பொருளன்று, எதைச் சார்கிறதோ அதன் வண்ணமாவதே அதன் இயல்பு என்பது மெய்கண்டார் வழிவந்த கோட்பாடு. ஆணவத்தைச் சார்ந்தால் இருளாகவும், அருளைச் சார்ந்தால் ஒளியாகவும் விளங்கும் அந்த உயிர், சார்வதற்கு ஒன்றுமின்றி விடப்படும்போது தன் துயரையே சார்ந்து, அத்துயரின் வண்ணமாகவே ஆகிவிடுகிறது. சிவஞானபோதத்தின் பன்னிரண்டாம் சூத்திரம், முத்திநிலைக்கு வந்த ஞானியையும் அடியார் கூட்டத்தோடு மருவியிருக்கச் சொல்வதன் காரணம் இதுவே. தன் பணிவிடையாளனும் உறவினனுமான ஆனந்தன், நல்லோர் நட்பு அறவாழ்வில் பாதி என்று சொன்னபோது, பாதியன்று, முழுமையும் அதுவே என்று புத்தர் பெருமான் திருத்தினார். இனியது எது என்று முருகன் வினவ ஔவையார் கூறியதாக வழங்கும் விடையிலும் ஏகாந்தம் முதற்படியாகத்தான் நிற்கிறது. அதனினும் இனிது இறைவனைத் தொழுதல் என்றும், அதனினும் இனிது அறிவுடையோரைச் சேர்தல் என்றும் அந்த மூதாட்டி ஏறிக்கொண்டே போகிறார். ஏகாந்தத்தைப் புகழ்ந்த பரம்பரையே கூட்டுறவை அதற்கு மேலே வைத்திருக்கிறது என்பதை நாம் வசதியாக மறந்துவிட்டோம்.

இதற்கு நூற்சான்றினும் வலிய சான்று ஒன்று ஜவ்வாது மலையின் அடிவாரத்துச் சீமையிலேயே உண்டு. போளூர்ப் பக்கத்து மண்டகொளத்தூரில் வாழ்ந்த எச்சம்மாள் என்ற மாது, இருபத்தைந்து வயது நிரம்புவதற்குள் முதலில் கணவனையும், பின்பு ஒரே மகனையும், அதன் பின்பு ஒரே மகளையும் பறிகொடுத்தார். பிறந்த ஊரே அவருக்குப் பகையாயிற்று. எந்தத் திண்ணையைப் பார்த்தாலும், எந்தக் குழந்தையைப் பார்த்தாலும் இழந்தவர்களின் நினைவு வந்து நெஞ்சைப் பிளந்தது. தந்தையின் அனுமதி பெற்று வடக்கே சென்று சாதுக்களுக்குப் பணிவிடை செய்து பார்த்தார், துயரம் தணியவில்லை. ஊர் திரும்பிய பின், அருணாசலத்தில் மௌனமாய் அமர்ந்திருக்கும் ஓர் இளந்துறவியைப் பற்றிக் கேள்வியுற்று, 1906-இல் ஒரு தோழியுடன் மலையேறி விரூபாட்ச குகையில் இருந்த ரமணர் முன் போய் நின்றார். ஏறத்தாழ ஒரு மணி நேரம் இருவரும் ஒன்றும் பேசவில்லை. நின்ற இடத்திலேயே தம் நெஞ்சின் பாரம் இறங்கியதை அந்த அம்மையார் உணர்ந்தார்.

அந்த ஒரு மணி நேரத்தோடு நின்றிருந்தால் இதை ஓர் அற்புதம் என்று சொல்லிக் கடந்துவிடலாம். எச்சம்மாள் திருவண்ணாமலையிலேயே தங்கி, ரமணருக்கும் உடனிருந்த அடியார்க்கும் நாள்தோறும் உணவு சமைத்து மலைமேல் கொண்டுசெல்லும் கைங்கரியத்தை மேற்கொண்டு, 1945-இல் தாம் மறையும் வரை அதை விடவில்லை. தமக்காகக் காத்திருக்கும் ஒருவர் உண்டு, தாம் போகாவிடில் அங்கே ஒரு குறை நேரும் என்னும் எண்ணமே அவருக்கு மறுவாழ்வாயிற்று. பின்னாளில் அவர் வளர்ப்பு மகளாக ஏற்றிருந்த செல்லம்மாளும் இறந்தபோது, அத்துயரைத் தாங்கி வந்த அம்மையாரோடு சேர்ந்து ரமணரும் கண்ணீர் விட்டார் என்று அவர் சரித்திரத்தை எழுதியோர் குறித்திருக்கின்றனர். ‘நான் யார்’ என்று விசாரிக்கச் சொன்ன ஞானி, மரணம் பொய்யென்று அம்மையாருக்கு வியாக்கியானம் செய்யாமல் அழுதார் என்பதை, எந்தச் சாத்திர வாக்கியத்துக்கும் குறையாத பிரமாணமாக நான் கொள்கிறேன்.

நம் சாதன முறையில் கேட்டல் என்பது சீடனுக்கு உரியது. குரு சொல்வார், சீடன் கேட்டுச் சிந்தித்துத் தெளிவான். ரமணரிடத்தில் அம்முறை தலைகீழாயிற்று. 1902-இல் வருவாய்த் துறை அலுவலராக இருந்த சிவப்பிரகாசம் பிள்ளை அவரிடம் வந்து கேள்விகளை அடுக்கியபோது, மௌனத்தில் இருந்த இளைஞர் அவற்றை முற்றக் கேட்டு, வேண்டிய அளவுக்கு எழுதிக் காட்டினார். பேசுகின்றவர் துயருற்றவராகவும் கேட்கின்றவர் ஆற்றுகின்றவராகவும் அமைந்த இந்த மாற்றத்தைத்தான் இக்காலத்து உளநல அறிஞர்கள் பேச்சுவழிச் சிகிச்சை என்கின்றனர். அதை மேல்நாட்டுச் சரக்கு என்று ஒதுக்குவோர் திருவண்ணாமலையின் சரித்திரத்தைச் சற்று நினைத்துப் பார்க்க வேண்டும்.

இக்கலைக்கு மாமுனிவர்தாம் வேண்டும் என்பதில்லை. ஜிம்பாப்வே நாட்டு மருத்துவர் டிக்ஸன் சிபாண்டா, 2006-இல் ஹராரே நகரத்தில், அந்தந்த வட்டாரத்துப் பாட்டிமார்க்கே பயிற்சியளித்து, சுகாதார நிலையத்தின் வெளியே ஒரு மரப்பலகையில் அவர்களை அமர்த்தி, மனம் நொந்து வருவோரின் கதையைக் கேட்கச் செய்தார். 2016-இல் வெளிவந்த பரிசோதனை முடிவுகள், அவ்வாறு பேசி ஆறியவர்களின் மனச்சோர்வு வெகுவாகக் குறைந்ததைக் காட்டின. கோவாவில் விக்ரம் படேலும் சங்கத் நிறுவனத்தாரும் மனநலப் படிப்பு ஏதுமற்ற சாதாரண மக்களையே பழக்கி, ஆறு முதல் எட்டு அமர்வுகள் நோயாளியோடு பேசி, அவர் விட்டுவிட்ட செயல்களை ஒவ்வொன்றாய் மீண்டும் செய்யத் தூண்டும் முறையை நடத்திக் கண்ட நற்பயன் 2017-இல் வெளியாயிற்று. எச்சம்மாளின் சோற்றுக் கூடையில் இருந்த மருந்து அதுவேயன்றோ! சென்னையில் டாக்டர் லட்சுமி விஜயகுமார் 1986-இல் தொடங்கிய சிநேகா அமைப்பின் தொண்டர்கள், சாவை எண்ணி நிற்பவரிடம் தீர்ப்புச் சொல்லாமல் கேட்பதையே தம் பணியாகக் கொண்டுள்ளனர். 1957-இல் வேலூர்க் கிறித்துவ மருத்துவக் கல்லூரி தொடங்கிய மனநல மையத்தில், நோயாளியுடன் குடும்பத்தாரும் தங்கிச் சிகிச்சையில் பங்குகொள்ளும் முறை போற்றப்பட்டு வருகிறது.

மலையூர்களுக்கு இவையெல்லாம் எதற்கு, அங்கே ஊரே ஒரு குடும்பமாயிற்றே என்று சிலர் கேட்கக்கூடும். அக்கேள்வியில் பாதி உண்மை இருக்கிறது. ஊர்த் தெய்வத்துக்கு விழா எடுத்தாலும், ஒரு வீட்டில் சாவு நேர்ந்தாலும் ஊர் முழுதும் கூடி நிற்கும் பண்பு அங்கு இன்னும் அழியவில்லை. ஆனால் ஊர் கூடிக் கலைந்த பின்னர் வரும் நாட்களில்தான் துயரம் வீட்டுக்குள் குடியேறுகிறது. அன்றியும், ஊரே ஒருவரைத் தனிமைப்படுத்தும் சந்தர்ப்பங்களும் உண்டு. கணவனை இழந்தவள், பிள்ளையில்லாதவள், சித்தம் கலங்கியதால் பேய் பிடித்தவன் என்று பெயர் பெற்றவன் ஆகியோர் உறவுக்கு நடுவிலேயே ஒதுங்கி வாழ்கின்றனர். பக்கத்து வீட்டில் சொன்ன வார்த்தை பொழுது சாய்வதற்குள் ஊரெங்கும் பரவும் என்னும் அச்சத்தால் வாய் திறக்கவும் மாட்டார்கள். எச்சம்மாளுக்கும் சொந்த ஊரில் கிடைக்காத ஆறுதல் முன்பின் அறியாத ஒருவரிடமன்றோ கிடைத்தது! ஆகவே ஊராரின் அன்பும் வேண்டும். கேட்டதை வெளியிடாத விரதம் பூண்ட ஒருவரின் செவியும் வேண்டும்.

அரசு 2022 முதல் 14416 என்னும் தொலைபேசி எண்ணில் மனநல ஆலோசனையை இலவசமாக வழங்குகிறது, அது நற்பணியே. எனினும் தொலைபேசிக்கு அலைவரிசை எட்டாத மலையூர்களும், தொலைபேசியில் அந்நியரோடு மனம் விட்டுப் பேசிப் பழகாத முதியோரும் இருக்கையில், அந்தச் செவி மலையேறித்தான் ஆக வேண்டும். ஜவ்வாது மலைமேல் உள்ள ஜமுனாமரத்தூரைச் சுற்றிய ஊர்களில் மலைமக்களின் பேச்சும் வழக்கமும் அறிந்த பெண்களையே தேர்ந்தெடுத்து, சில மாதம் முறையாகப் பயிற்றி, மாத ஊதியம் கொடுத்து, பக்கத்து ஊர்களுக்கு அனுப்பினால், ஹராரேயிலும் கோவாவிலும் கூடியது இங்கும் கூடும்.

பௌர்ணமிதோறும் இலட்சக்கணக்கான அன்பர்கள் அண்ணாமலையை 14 கிலோமீட்டர் வலம் வருகின்றனர். வழிநெடுக அன்னதானம் நடக்கிறது. அவ்வீதியிலிருந்து ஜவ்வாது மலையூர்கள் வெகுதூரமில்லை. அன்னதானத்துக்கு ஒதுக்கும் பொருளில் ஒரு சிறு பங்கை இப்பணிக்கு அளிக்குமாறு திருவண்ணாமலையின் ஆலயத்தாரையும் ஆசிரமத்தாரையும் மடாதிபதிகளையும் வேண்டிக்கொள்கிறேன். கிரிவலம் செல்லும் அன்பர்கள் இதை அவர்களிடம் நேரில் கேட்க வேண்டும்.