கணக்கு மறந்தவர் யார்?

பள்ளிக்கூடத்தில் படித்த கணக்கில் எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று வயது வந்தவர்கள் தங்களைத் தாங்களே பரீட்சித்துப் பார்ப்பது இக்காலத்தில் ஒரு விநோதப் பொழுதுபோக்காகப் பரவியிருக்கிறது. கம்போங் ராஜாவிலும் அது உண்டு. பிள்ளையின் ஆறாம் ஆண்டுப் புத்தகத்தைத் தகப்பனார் வாங்கிப் பார்ப்பார், பின்னத்தைப் பின்னத்தால் வகுக்கும் கணக்கொன்று எதிர்ப்படும், கையிலுள்ள தேநீர் ஆறிப்போகும், விடை வராது. "நம் மண்டையில் ஒன்றுமில்லை" என்று தம்மையே இகழ்ந்துகொண்டு புத்தகத்தை மூடிவிடுவார். இந்த இகழ்ச்சி நியாயந்தானா என்பதே நாம் கேட்க விரும்பும் கேள்வி.

1991ஆம் ஆண்டில் ஹாரி பாரிக், லிண்டா ஹால் என்னும் இரு அமெரிக்க மனோதத்துவ ஆராய்ச்சியாளர்கள் இதே விஷயத்தைப் பற்றி ஓர் ஆராய்ச்சி வெளியிட்டார்கள். 1,726 பேரைப் பள்ளிக்கூட இயற்கணிதத்திலும் க்ஷேத்திரகணிதத்திலும் சோதித்தார்கள். கல்லூரியிலும் உயர்கணிதம் பயின்றவர்கள், பிறகு அதைத் தொடாதிருந்தும், ஐம்பது வருஷம் சென்றும் பள்ளி இயற்கணிதத்தைப் பெரிதும் இழக்கவில்லை. பள்ளியில் அவர்களுக்குச் சமமாகத் தேறியும் கல்லூரியில் கணிதம் பயிலாதவர்களோ, குருட்டாம்போக்கில் விடை குறிப்பவர்களின் நிலைக்கு ஏறக்குறைய இறங்கிவிட்டார்கள். மறதிக்குக் காரணம் புத்திக்குறைவு அன்று. எத்தனை வருஷம் ஒருவன் அதைக் கையாள விடப்பட்டான் என்பதே. பன்னிரண்டாம் வயதில் வேலைக்குப் போனவனை மறந்தவன் என்று ஏசுவது எவ்வளவு அநியாயம்!

நமது நாட்டில் இதற்கு இன்னொரு சிக்கலும் சேர்ந்தது. 2003இல் கணிதமும் விஞ்ஞானமும் ஆங்கிலத்தில் கற்பிக்கப்படலாயின; தமிழ்ப் பள்ளிகளும் விலக்கல்ல. 2009இல் அக்கொள்கையைக் கைவிடத் தீர்மானித்து, பிறகு மாற்றத் தொடங்கினார்கள். அந்த இடைக்காலத்தில், தமிழில் கணக்குப் படித்த எத்தனையோ தாய்மார் பிள்ளையின் புத்தகத்தின் முன் ஊமைகளானார்கள். அவர்கள் கணக்கை மறக்கவில்லை. கணக்கின் பெயர்கள் மாறிப்போயின. ஆங்கிலப் பள்ளியில் படித்த நம்மைப் போன்றவர்களுக்கு அந்தக் கஷ்டம் இல்லை. அதை நம்முடைய திறமை என்று எண்ணிக்கொள்ள இடமில்லை.

நிற்க. கணக்கு என்பது எக்காலத்தும் வெறும் அறிவாக மாத்திரம் இருந்ததில்லை. தமிழ்நாட்டுத் திண்ணைப் பள்ளிகளில் எண்சுவடியை உரக்கச் சொல்லி, 320இல் ஒரு பங்காகிய முந்திரி வரை பிள்ளைகள் மனனம் செய்தார்கள். நிலம் அளக்கவும் நெல் அளக்கவும் உதவிய கணக்கு அது. ஆனால் அந்த நிலத்தை உழுது நெல்லை அறுத்த தீண்டப்படாதோரின் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் அத்திண்ணையில் இடமில்லை. கூலி அளப்பவன் ஒருவன். அளவு சரியா என்று தெரியாமல் வாங்கிக்கொள்பவன் வேறொருவன். அப்படி வாங்கிக்கொண்டவர்களில் பலரே கப்பலேறி மலாயாத் தோட்டங்களுக்கு வந்தார்கள். இங்கே ஐக்கிய மலாய் நாடுகளின் 1923ஆம் வருஷத்துத் தொழிலாளர் சட்டம், பள்ளிப் பருவக் குழந்தைகள் பத்துப் பேர் இருக்கும் தோட்டம் பள்ளிக்கூடம் வைக்க வேண்டும் என்றது. பல தோட்டங்களில் கிராணியோ கங்காணியோதான் வாத்தியார். செக்ரோல் எழுதுகிறவரே, அதைச் சரிபார்க்கத் தேவையான கணக்கையும் சொல்லிக் கொடுக்க வேண்டியவராக இருந்தார். எவ்வளவு சொல்லிக் கொடுத்திருப்பார் என்பதை வாசகர்களே ஊகித்துக் கொள்ளலாம்.

மேற்படி தகப்பனார் தோற்றுப்போன பரீட்சையை விட்டு, தேயிலை நிறுக்கும் இடத்துக்கு வருவோம். காலை 17 கிலோ, பகல் 23, மாலை 14, கூடைக்கு இரண்டிரண்டாக ஆறு கழிவு, ஆக 48. பள்ளியை முடிக்காத அம்மாள் ஒருவர் தராசின் முள் நிற்குமுன் இதை மனத்தில் கூட்டிக் கழித்துவிடுகிறார். மழை நாளில் ஈரத்துக்கென்று கூடுதலாகக் கழித்தால், "எந்தக் கணக்கில், ஐயா?" என்றும் கேட்டுவிடுகிறார். இவரைக் கணக்கு அறியாதவர் என்பதா?

ஆனால் சம்பளச் சீட்டுக்கு வந்தவுடன் அதே அம்மாள் மௌனமாகிறார். சேமநிதிக்கு நூற்றுக்குப் 11. அதாவது 1,700 ரிங்கிட்டுக்கு 187. பிறகு வேறு கழிவுகள், சுருக்கெழுத்துக்களில். நாமும் கிராணி உத்தியோகம் பார்ப்பவராதலால் துணிந்து சொல்லுகிறோம்: அந்தச் சீட்டில் நூற்று வீதத்துக்குமேல் கடினமான கணக்கு ஒன்றுமில்லை. படிக்க முடியாதபடி அச்சிட்டிருப்பதுதான் கடினம். இப்போது மலையில் வேலை செய்வோரில் வங்காள தேசத்தாரும் நேபாளத்தாரும் பலர். அவர்களுக்கு அது பின்னும் இருட்டு. சம்பளம் பாங்கிக்குப் போய்விடுகிறது. கைக்கு வருவது சீட்டு மட்டுமே. அதில் விரலை வைத்து, "இது என்ன கழிவு?" என்று ஒருவர் கேட்டால், பக்கத்தில் உட்காரவைத்து வரிவரியாகக் கூட்டிக் காட்ட ஐந்து நிமிஷம் போதும். மாதக் கடைசியில் வேலை மிகுதி என்பது அதை மறுக்கக் காரணமாகாது.