தன் கணக்கின் மேல் பற்று

முழுதாக அறிய முடியாத ஒன்றின் மேல் பிறர் உயிரை ஏற்றிவைக்க ஒருவருக்கு என்ன உரிமை? நிலவியல் பொறியாளர் தப்பிக்க முடியாத அறக்கேள்வி இது. பெங்களூரில் ஆஸ்டின் டவுனை ஒட்டிய லாங்ஃபோர்டு டவுன் வழியாக மெட்ரோவின் பிங்க் லைன் சுரங்கம் போகிறது. இந்த ஊரைத் தாங்குவது ஏறக்குறைய 300 கோடி ஆண்டு வயதான நைஸ் பாறை. லால்பாக் குன்றில் அது வெளியே தெரிகிறது. மண்ணுக்கடியிலோ அது ஒரே சீராக இல்லை. ஓரிடத்தில் கெட்டிக் கல், சற்றுத் தள்ளி உதிர்ந்து மண்ணாகிப்போன கல். ஆங்காங்கே துளையிட்டு மாதிரி எடுக்கலாம். இரண்டு துளைகளுக்கு நடுவே இருப்பதை ஊகிக்கத்தான் முடியும்.

இதே ஊரின் இந்திய அறிவியல் கழகத்தில் பேராசிரியரான ஜி. மாதவி லதா, ஜம்மு காஷ்மீரின் செனாப் ரயில் பாலத்துக்குப் பதினேழு ஆண்டுகள் ஆலோசகராக இருந்தார். ஆற்றுப்படுகையிலிருந்து 359 மீட்டர் உயரத்தில் நிற்கும் அந்தப் பாலம் 2025 ஜூன் 6 அன்று திறக்கப்பட்டது. அதைத் தாங்கும் மலைச்சரிவுகள் நெடுக விரிசல்கள், கண்ணுக்குத் தெரியாத பொந்துகள். அதனால் முதலிலேயே முடிந்துபோன வடிவமைப்பு என்று ஒன்று இல்லை. தோண்டத் தோண்டப் பாறை காட்டியதைப் பார்த்துத் திருத்திக்கொண்டே போனார்கள். பலனில் பற்று வைக்காமல் செயல்படு என்று கீதை சொல்வதை நாம் பெரும்பாலும் புகழோடும் கூலியோடும் நிறுத்திக்கொள்கிறோம். அவற்றைவிட விடுவதற்கு அரிதான பற்று ஒன்று உண்டு: நாமே போட்ட கணக்கின் மேல், அதுவும் பல ஆண்டு உழைத்துப் போட்ட கணக்கின் மேல் வைக்கும் பற்று. பாறை மறுத்த அன்றைக்கே அதைக் கைவிடுகிறவரைத் துறவி என்று அழைக்க எனக்குத் தயக்கமில்லை.

சூதாட்டத்துக்கு நல்ல பெயர் சூட்டுகிறீர்கள் என்று ஒருவர் மறுக்கலாம். அந்த மறுப்பின் பக்கம் வலுவான சாட்சி இருக்கிறது. இத்தாலியில் மின்சாரத்துக்காகக் கட்டிய வயோந்த் அணைக்கு மேலிருந்த மலைச்சரிவு நகர்வதை மூன்று ஆண்டுகளாக அளந்துகொண்டுதான் இருந்தார்கள். ஏரியின் நீர்மட்டத்தை ஏற்றி இறக்கியே அதை அடக்கிவிடலாம் என்று நம்பினார்கள். 1963 அக்டோபர் 9 இரவு மலை ஏரிக்குள் சரிந்தது. அணை நின்றது, அதைத் தாண்டி எழுந்த வெள்ளத்தில் ஏறத்தாழ இரண்டாயிரம் பேர் மாண்டார்கள். ஆக, அளப்பது மட்டும் அறமாகிவிடாது. அளந்து பார்த்துத் திருத்திக்கொண்டே போகும் இந்த முறைக்குப் பொறியாளர் ரால்ஃப் பெக் 1969-இல் விதித்த நிபந்தனை இங்கேதான் முக்கியமாகிறது: நிலம் எதிர்பார்த்ததற்கு மாறாக நடந்தால் என்ன செய்வோம் என்பதை வேலை தொடங்குமுன்பே முடிவு செய்திருக்க வேண்டும், இடையில் மாற்ற வழியில்லாத வேலையில் இந்த முறையைத் தொடவே கூடாது. வயோந்தில் அளவுகோலுக்குக் குறைவில்லை. கட்டிமுடித்த அணையை விட்டுவிடும் மனம்தான் இல்லை.

இன்னொரு மறுப்பு இதைவிட என்னைத் தொல்லைப்படுத்துகிறது. பொறியாளர் பற்றை விடலாம். சுரங்கத்துக்கு மேலே குடியிருப்பவர் எதை விடுவார்? அவர் இந்த ஊகத்துக்குச் சம்மதம் தந்தவர் இல்லை. முழு உறுதி கிடைக்கும்வரை காத்திருப்போம் என்பதும் பதிலாகாது. அப்படியானால் கிணறுகூட வெட்ட முடியாது. அறியாமையைத் தனக்குள் ஒப்புக்கொள்கிறவர், அதைச் சுமப்பவரிடமும் ஒப்புக்கொள்ளக் கடமைப்பட்டவர். நிலம் எவ்வளவு அமிழ்கிறது, எந்த அளவைத் தொட்டால் வேலை நிற்கும் என்ற எண்கள் ஒப்பந்தக்காரரின் கோப்போடு நின்றுவிடாமல், அந்தத் தெருவில் இருப்பவர் படிக்கும் மொழியில், தமிழிலும் கன்னடத்திலும், அவர் கைக்கு வர வேண்டும்.