யாருடைய வயலில் யாருடைய தவறு

2022 ஜூன் 18, சனிக்கிழமை இரவு. விசுவமடுவில் எரிபொருள் நிலையம் ஒன்றில் காத்து நின்ற மக்களுக்கும் காவலில் இருந்த படையினருக்கும் இடையில் முறுகல் மூண்டது. கற்கள் பறந்தன. படையினர் துப்பாக்கிப் பிரயோகம் செய்தனர். பொதுமக்களில் நால்வரும் படையினரில் மூவரும் காயமடைந்ததாக அப்போதைய செய்திகள் கூறின. பரந்தன்–முல்லைத்தீவு வீதியோரத்து வன்னி விவசாயக் கிராமம் அது. அந்த இரவு அங்கே வெடித்த கோபம் அங்கே பிறந்ததல்ல. கொழும்பில் எடுக்கப்பட்ட முடிவுகளின் விலையை ஊர்ச் சனம் வரிசையில் நின்று கட்டிக்கொண்டிருந்த காலம் அது.

அந்த முடிவுகளுள் வன்னி மண்ணை நேரே தொட்டது பசளைத் தடை. கோட்டாபய ராஜபக்ஷவின் 2019 தேர்தல் விஞ்ஞாபனமான ‘சுபீட்சத்தின் நோக்கு’, சேதனப் பசளைக்கு மாறப் பத்து ஆண்டு கேட்டிருந்தது. 2021 மே 6ஆம் திகதி வந்த வர்த்தமானி பத்து நாள்கூடத் தரவில்லை. இரசாயனப் பசளை இறக்குமதி ஒரேயடியாக நிறுத்தப்பட்டது. நவம்பர் இறுதியில் தடை நீக்கப்பட்டபோது பெரும்போக நெல் முளைத்து, பசளைக்காகக் காத்து, மஞ்சள் பூத்து நின்றது. 2022 ஏப்ரல் 18இல், புதிய அமைச்சரவைக்கு முன்னால், பசளை விடயத்தில் எடுத்த முடிவு தவறு என்று அன்றைய ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ஷ ஒப்புக்கொண்டார். ஜூலையில் நாட்டை விட்டே வெளியேறினார்.

தவறுகள் வளர்ச்சிக்கான வாய்ப்புகள் என்று இன்று பயிற்சிப் பட்டறைகளிலும் பரிசளிப்பு விழாக்களிலும் கேட்கிறோம். பிள்ளைகளுக்கு அது நல்ல வார்த்தை. அதிகாரத்தில் இருப்பவர் வாயில் அதே வார்த்தை வரும்போது ஒரு கேள்வி கட்டாயம் எழ வேண்டும்: தவறியவர் யார், அதன் விலையைச் சுமந்தவர் யார்? இரண்டும் ஒருவரேயானால் அந்தத் தவறு பாடமாகும், புதிய ஆக்கத்துக்கும் விதையாகும். ஒருவர் தவற, இன்னொருவர் பட்டினி கிடந்தால் அதற்குப் பெயர் அநீதி. அதை வாய்ப்பு என்று அழைப்பது அநீதிக்குப் பூச்சூட்டும் வேலை.

கணக்கைக் கமக்காரனின் கையில் வைத்துப் பார்க்கலாம். ஐம்பது கிலோ யூரியா மூடையில் நைதரசன் 46 சதவீதம், அதாவது 23 கிலோ. நல்ல கூட்டெருவில் நைதரசன் நூற்றுக்கு ஒன்று, மிஞ்சினால் ஒன்றரை. ஒரு மூடைக்கு ஈடுகட்டக் குறைந்தது ஒன்றரைத் தொன், பெரும்பாலும் இரண்டு தொன் எரு வேண்டும். அதை ஏற்ற உழவு இயந்திரம், இயந்திரத்துக்கு டீசல், பரப்ப ஆள்கூலி. அப்படிப் போட்டாலும் அந்த நைதரசன் ஒரே போகத்தில் முழுவதும் பயிருக்குக் கிடைக்காது. மண்ணில் மெல்ல மெல்லத்தான் அவிழும். வயதான கமக்காரர்கள் மாட்டுப்பட்டியை வயலில் மாற்றி மாற்றிக் கட்டி, ஆண்டுக்கணக்கில் மண்ணைத் தேற்றியது அதனால்தான். ஒரு வர்த்தமானியால் அந்த ஆண்டுகளைச் சுருக்க முடியாது.

நெற் செய்கைக்கு அரசே இலவசமாகக் கொடுத்த யூரியா, 2022இல் கறுப்புச் சந்தையில் மூடை முப்பதாயிரம் ரூபாவையும் தாண்டியது. அந்தப் பெரும்போகத்தில் நாட்டின் நெல் விளைச்சல் முந்தைய ஆண்டிலும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் விழுந்தது. சீனாவிலிருந்து சேதனப் பசளை ஏற்றிவந்த கப்பல், தீங்கு செய்யும் பக்ரீரியா இருப்பதாகத் திருப்பப்பட்டது. இறக்காத அந்தச் சரக்குக்கும் சுமார் 67 இலட்சம் டொலர் கட்டப்பட்டது.

விசுவமடுவுக்கு இது இரட்டை வலி. படித்த வாலிபர்களைக் காடு வெட்டிக் குடியேற்றிய திட்டங்களில் வளர்ந்த ஊர் அது. எழுபதுகளில் மிளகாய், வெங்காய இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டபோது வன்னிக் கமக்காரர்கள் செழித்தார்கள். அன்றைய கட்டுப்பாடு அவர்களுக்குச் சந்தையைக் கொடுத்தது. 2021இன் தடை அவர்கள் கையிலிருந்த பசளையைப் பறித்தது. 2009 வரை போரில் எல்லாம் இழந்து, மீண்டும் வந்து, கண்ணிவெடி அகற்றிய நிலத்தில் கடன்பட்டு விதைத்தவர்கள் அவர்கள். அவர்களிடம் பரிசோதனைக்கு மிச்சம் இருந்தது என்ன?

தமிழ் அறநூல்கள் இந்த இடத்தில் தடுமாறவில்லை. வள்ளுவர் பொருட்பாலில் குற்றங்கடிதல் என்று ஓர் அதிகாரமே வகுத்து அதை ஆள்பவனுக்கு வைத்தார். தினையளவு குற்றத்தையும் பனையளவாகக் காண்பவரே பழிக்கு அஞ்சுபவர் என்றார். தன் குற்றத்தை முதலில் களைந்த பிறகே அரசன் பிறர் குற்றத்தைப் பார்க்கலாம் என்றார். தெரிந்து செயல்வகையில், வரப்போகும் இலாபத்தை நம்பிக் கைமுதலைத் தொலைக்கும் வேலையில் அறிவுடையவர் இறங்கார் என்றார். 2021ஐப் பார்த்து எழுதியதுபோல இருக்கிறது. மனுநீதிச் சோழன் தன் மகன் தேரால் நேர்ந்த பிழைக்குக் கன்றை இழந்த பசுவிடம் சமாதானம் பேசவில்லை. பொற்கைப் பாண்டியன், தவறாகக் கதவு தட்டிய தன் கையையே வெட்டிக்கொண்டான் என்கிறது மரபுக் கதை.

சிலப்பதிகாரம் இன்னும் ஆழமாகப் போகிறது. தீர விசாரிக்காமல் கோவலனைக் கொல்லவிட்ட நெடுஞ்செழியன், சிலம்பு உடைந்து மாணிக்கம் தெறித்த கணமே தன் தவறை உணர்ந்து உயிர் விட்டான். கோவலன் மீளவில்லை, ஆயினும் அரசன் தன் கணக்கைத் தானே தீர்த்தான். பின்வந்த வெற்றிவேற் செழியனோ கண்ணகியின் சினம் தணிக்க ஆயிரம் பொற்கொல்லரைப் பலி கொடுத்தான் என்று அதே காப்பியத்தின் உரைபெறு கட்டுரை சொல்கிறது. ஒரு பொற்கொல்லன் செய்த வஞ்சனைக்கு ஆயிரம் பேர். மேடைகளில் முதல் செழியனைப் பாடுகிறோம். இரண்டாமவனைப் பற்றி ஏன் பேசுவதில்லை? நம் காலத்து ஆட்சியாளர்கள் அவன் வழியில்தான் நடக்கிறார்கள்.

தவறு உண்மையிலேயே ஆக்கமாவதற்கு ஜப்பானிய விவசாயி மசனொபு ஃபுகுவோகா சாட்சி. இயற்கையின் கையில் விட்டால் போதும் என்று நம்பி, காலங்காலமாகக் கவாத்து செய்து வளர்ந்த தந்தையின் தோடைத் தோட்டத்தைச் சட்டென்று கவனியாமல் விட்டார். கிளைகள் பின்னின, பூச்சி விழுந்தது, மரங்கள் பட்டுப்போயின. இயற்கை வேளாண்மை வேறு, கைவிடுதல் வேறு என்று அந்தப் பட்ட மரங்களிடமிருந்துதான் கற்றதாக ‘ஒற்றை வைக்கோல் புரட்சி’யில் அவரே ஒளிக்காமல் எழுதினார். அழிந்தது சொந்தக் குடும்பத்தின் தோட்டம். தமிழகத்தின் கோவில்பட்டி ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்த இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வாரும், அங்கு நடக்கும் ஆய்வு ஏழை உழவனுக்கு உதவாது என்று கண்டபோது, 1969இல் அரச வேலையைத் தானே உதறினார். உழவர் அவர் சொல்லைக் கேட்டதற்கு அந்த இழப்பும் ஒரு காரணம். ஓர் அரசு மாறுவதற்கும் காலம் வேண்டும்: இந்தியாவின் சிக்கிம் மாநிலம் 2003இல் தொடங்கி 2016இல்தான் முழுச் சேதன மாநிலமாக அறிவிக்கப்பட்டது.

தண்டனைக்கு அஞ்சினால் எந்த ஆட்சியாளரும் புதிதாக எதையும் முயலமாட்டார் என்பார்கள். சிறுநீரக நோயால் வவுனியாவிலும் வடமத்திய மாகாணத்திலும் மக்கள் படும் பாட்டைப் பார்த்தால் நஞ்சில்லா மண் என்ற நோக்கமும் பிழையல்ல. ஏற்றுக்கொள்ளலாம். ஆனால் நல்ல நோக்கம் எந்த வயலையும் விளைவித்ததில்லை. இப்போது சேதனப் பசளை என்ற சொல்லைக் கேட்டாலே கமக்காரர் முகம் சுளிக்கும் நிலை வந்திருப்பது அந்த நோக்கத்துக்கே செய்யப்பட்ட துரோகம்.

2023 நவம்பர் 14இல் உயர் நீதிமன்றம், பொருளாதார வீழ்ச்சிக்கு ராஜபக்ஷ சகோதரர்களும் நிதித்துறை உயர் அதிகாரிகளும் பொறுப்பு என்று பெரும்பான்மைத் தீர்ப்பு வழங்கியது. மனுதாரர்களுக்கு வழக்குச் செலவாக 150,000 ரூபா. மக்களுக்கு நட்டஈடு இல்லை. தடையால் விளைச்சல் இழந்த பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட நெல் விவசாயிகளுக்கு 4,000 கோடி ரூபா தருவதாக 2022 ஜனவரியில் அரசு அறிவித்ததும் பொதுமக்களின் வரிப்பணத்திலிருந்துதான். தடையை எழுதியவர்களின் சட்டைப்பையிலிருந்து ஒரு சதமும் போகவில்லை.

முடிவு யாருடைய ஆலோசனையில் எடுக்கப்பட்டது, எச்சரித்த விவசாய விஞ்ஞானிகள் என்ன சொன்னார்கள் என்பதெல்லாம் பதிவாகி, ஒவ்வொரு கமநல சேவை நிலையத்திலும் தமிழிலும் சிங்களத்திலும் வாசிக்கக் கிடைக்க வேண்டும். பொறுப்பானவர்களின் சொத்திலிருந்து ஒரு பங்காவது வயலுக்குத் திரும்ப வேண்டும்.

சேதனச் செய்கையை மனமார விரும்பும் கமக்காரன் வன்னியில் அதை வேறு விதமாகத் தொடங்குவான். நாலு ஏக்கரில் மூன்றரைக்கு யூரியா போடுவான். வாய்க்கால் ஓரத்து அரை ஏக்கரில் சணல் விதைத்து, பூக்கும்போது மடக்கி உழுது, மாட்டெரு கொட்டி, நெல் விதைத்துப் பார்ப்பான். விளைந்தால் அடுத்த போகம் ஒரு ஏக்கர். விளையாவிட்டால் அந்த அரை ஏக்கர் நட்டம் அவன் வீட்டு நெல் மூடையில்தான் குறையும்.