மலையுச்சியில் மூன்று குழந்தைகள்

தென் அமெரிக்காவில், அர்ஜென்டினாவும் சிலியும் எல்லை கொள்ளும் ஆண்டிஸ் மலைத்தொடரில், யூயையாக்கோ என்னும் எரிமலை 22,110 அடி உயர்ந்து நிற்கிறது. அதனை அடுத்திருப்பது உலகின் மிக வறண்ட நிலங்களுள் ஒன்றாகிய அட்டகாமாப் பாலை. புல்லும் முளையாத அவ்வுச்சியில், 1999ஆம் ஆண்டு, ஆராய்ச்சியாளர்கள் மூன்று குழந்தைகளின் உடல்களைக் கண்டெடுத்தனர். ஒருத்தி ஏறக்குறைய பதின்மூன்று வயதுக் கன்னி; மற்றிருவர் அவளினும் மிக இளையோர். சுமார் 500 ஆண்டுகளுக்கு முன், இன்கா அரசின் சமயச் சடங்கில் பலியானவர்கள் இவர்கள். குளிரும் வறட்சியும் காத்தமையால், உறங்குவோர் போலவே காணப்பட்டனர்.

"பக்தியால் செய்தது குற்றமாகுமா? மலையைத் தெய்வமென நம்பினர், தம்மிடமுள்ளதிற் சிறந்ததையே கொடுத்தனர்" என்பார் உளர். அந்நம்பிக்கை உண்மையானதே, நாம் மறுக்கவில்லை. ஆயின் அக்கன்னியின் கூந்தல் வேறொரு சாட்சி பகர்கிறது. அதனைச் சோதித்து 2013இல் அறிஞர் வெளியிட்ட முடிவு யாது? இறப்பதற்கு ஏறத்தாழ ஓராண்டுக்கு முன்பே அவளுக்கு உயர்ந்த உணவு கிடைக்கலாயிற்று. கோக்கா இலையும் மிகுந்தது. கடைசிச் சில வாரங்களில் மக்காச்சோள மதுவும் பெருகிற்று.

மது சடங்கின் சிறப்புக்கு என்பர் சிலர்; அச்சந் தெரியாதிருக்க என்பர் சிலர். இரக்கத்தால் கொடுத்தனர் என்றே கொள்வோம். அவ்விரக்கமே, அஞ்சத்தக்க செயலொன்று நிகழவிருந்ததை அவர்கள் அறிந்திருந்தனர் என்பதற்குச் சான்றன்றோ?

தன் உயிரைத் தானே கொடுப்பது தியாகம்; பிறர் உயிரை எடுத்துக் கொடுப்பது ஒருபோதும் தியாகமாகாது. நம்பிக்கையின் ஆழம் கொடுப்பவனைப் பற்றியது. "வேண்டேன்" என்று சொல்லும் உரிமையோ கொடுக்கப்படுபவளைப் பற்றியது. அவ்வுரிமை இல்லாத இடத்தில் பக்தியை எடைபோட்டுப் பயனில்லை.

இஃது இன்காக்களை மட்டும் பழிக்கும் கதையன்று. அவர்களை வென்று தம்மை நாகரிகர் எனக் கூறிக்கொண்ட ஸ்பானியர், பொட்டோசி வெள்ளிச் சுரங்கத்தில் பழங்குடி மக்களைக் கட்டாய வேலையில் வதைத்தனர். தெய்வத்தின் இடத்தில் செல்வம் அமர்ந்தது, பலி நிற்கவில்லை. இன்று அக்குழந்தைகள் சால்ட்டா நகர அருங்காட்சியகத்தில், அறிவின் பெயரால், கண்ணாடிக்குள் உறைகுளிரில் இருக்கின்றனர். "எங்கள் மூதாதையர் காட்சிப் பொருளல்லர்" எனப் பழங்குடியினர் பலர் வருந்தினர். அவர்கள் வருத்தத்தையும் நாம் கேட்டாக வேண்டும்.

தெய்வம், அரசு, செல்வம், அறிவு என எப்பெயரால் யார் எதைக் கேட்பினும், நாம் வினவ வேண்டியது ஒன்றே: விலை கொடுப்பவர் யார்? அவரை எவரேனும் கேட்டனரா?