அசையும் வான்படமும் காண்டல் அளவையும்

ஓலையும் பஞ்சாங்கமும் விரித்த இடத்திலே சோதிடர் பலர் இந்நாளிற் கணினித் திரையை விரிக்கின்றனர். அத்திரையில் இராசிக் கட்டத்தோடு வானமும் தோன்றுகின்றது, அவ்வானம் அசைகின்றது. ஒருவர் பிறந்த நாழிகையிற் கீழ்த்திசையில் எழுந்த இராசியும் உச்சியில் நின்ற கோளும் விரலசைவில் முன்னும் பின்னும் ஓடுகின்றன. செவ்வாயின் வக்கிரகதி, நிலவுலகம் அதனை முந்திச் செல்லுங்கால் விளையும் தோற்றமென்பது, ஞாயிற்றை நடுவில் வைத்துக் காட்டும் படத்தாற் சிறுவர்க்கும் விளங்குகின்றது. இக்கருவியை இகழ நாம் புகுந்தோமல்லேம்.

ஆயின், அசையும் கோளைக் கண்ணாற் கண்டவர் அதன் பலனையும் கண்ணாற் கண்டதாகத் துணிகின்றனர். காண்டல் அளவை இங்கே எத்துணைத் தூரம் செல்லும் என்பதே ஆராயற்பாலது.

2020 டிசம்பர் 21 அன்று மாலை குருவும் சனியும் வானில் ஏறத்தாழ 6 கலை இடைவெளியில் நின்றன. முழுமதி வட்டத்தில் அஃது ஐந்திலொரு பங்கேயாம். கண்ணுடையார் யாவரும் அதனைக் கண்டனர். திரையும் அவ்வாறே காட்டிற்று. அவை நின்ற இராசி யாது? மேனாட்டுச் சாயன முறையார் கும்பத்தின் தொடக்கம் என்றனர். நிராயனத் திருக்கணிதத்தார் மகரத்தில் ஆறாம் பாகையளவில் என்றனர். வாக்கியப் பஞ்சாங்கத்தின்படியோ குரு மகரத்திலும் சனி தனுசிலும் இருந்தன. திருநள்ளாற்றிற் சனிப்பெயர்ச்சி விழா டிசம்பர் 27 அன்றே நிகழ்ந்தது. குருவுக்கு மகரம் நீசவீடு, கும்பம் அன்னதன்று. ஒரே வானைக் கண்டோர் கூறும் பலன் இத்துணை மாறுபடும்.

இம்மாறுபாட்டில் இருவேறு கூறுகள் உள. கோள் நின்ற இடம் காட்சிக்குரியது. அதிற் கணக்கும் வானமும் முரணின் வானமே வெல்லும். வாக்கிய முறையைப் போற்றும் நம் அன்பர் சிலர்க்கு இஃது உவப்பாகாது என்பதறிவோம். எனினும் கேரளத்துப் பரமேசுவரர் பல்லாண்டு வானை நோக்கி 1431-ல் திருக்கணிதம் வகுத்தது இந்நெறி பற்றியேயன்றோ? கோயில் விழாவின் நாள் மரபுவிதியைச் சார்ந்தது, அது வேறு.

இராசியின் எல்லையோ வானில் இல்லை. சாயன நிராயனங்களின் இடையீடு இப்பொழுது 24 பாகைக்குச் சிறிது மேற்பட்டு, ஆண்டுதோறும் ஏறக்குறைய 50 விகலை வளர்கின்றது. மேகநாத சாகா தலைமையிலமைந்த பஞ்சாங்கச் சீர்திருத்தக் குழு 1955-ல் ஓர் அயனாம்சத்தை வரையறுத்துத் தந்தது; வேறு அயனாம்சங்களும் வழங்குகின்றன. மென்பொருளில் ஒரு தெரிவை மாற்றின் திரையிலுள்ள எல்லைக்கோடுகள் அனைத்தும் நகர்ந்துவிடும். விண்மீன் ஒன்றும் நகராது. அக்கோட்டை வரைந்தவன் மனிதன். பலனோ காண்டலுக்கும் கருதலுக்கும் அப்பாற்பட்டு, சோதிட நூலாரின் உரையொன்றையே பற்றி நிற்பது.

உரையின் பாற்பட்டதனைக் காட்சியின் ஒளியிற் போர்த்துக் காட்டுதல் பிறரை மயக்குவதாகும். எட்டாமிடத்துச் செவ்வாய் திரையிற் சிவந்து சுழல்வதைக் கண்ட பெற்றோர் மறுசொல் இன்றி எழுந்து போகின்றனர். ஒரு பெண்ணின் மணம் நின்றுபோகின்றது. வெறுங்கட்டத்தைக் காட்டியிருப்பின் இன்னொருவரைக் கேட்டிருப்பர். தாம் தெரிந்தெடுத்த அயனாம்சம் இதுவென்றும், பலன் நூல்வழக்கென்றும் சொல்லாத சோதிடர் அதற்குப் பொறுப்பாளரே.

கோள் சடம், வினையைத் தானாக அறிந்து ஊட்டமாட்டாது என்பது நம் சித்தாந்தம். திருமறைக்காட்டில் அப்பரடிகள் நாளும் கோளும் நன்றன்று எனத் தடுத்தபொழுது, ஆளுடைய பிள்ளையார் அக்கணக்கை மறுத்தாரல்லர். கோளறு பதிகம் அருளிப் புறப்பட்டனர்.

மடங்களின் பாடசாலைகளில் இவ்வான்படத்தைப் பயில்விக்கலாம் என்பது நம் கருத்து. திரையிற் கண்ட வியாழனை அன்றிரவே மாணாக்கரை மேன்மாடத்திற்கு அழைத்துச் சென்று வானிற் காட்டுக. மகரத்தின் கோடு எங்கே என்று அவருள் ஒருவன் வினவுவான்.